குளிருக்கு ஒரு ஹீட்டர்

(டில்லியில் நடக்கும் ஒரு தமிழ் எழுத்தறிவு வகுப்பில், மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் பேசியது)



இன்றைக்குக் கரும்பலகையில் பாடம் எழுதவில்லை. மேசை மேல் ஒரு பொருள் வைத்திருக்கிறேன். கிட்டே வந்து பாருங்கள். கையில் எடுத்தும் பார்க்கலாம்.

என்ன அது? ஆமாம், பிளக். மூன்று கால் பிளக். ஆனால் ஒரு பக்கம் கறுத்துப் போயிருக்கிறது. வெல்லப்பாகு வழிந்த மாதிரி உருகி நிற்கிறது. மோந்து பார்த்தால் இன்னும் கருகல் வாசனை வரும்.

இது நம் வகுப்புக்கு வரும் ஓர் அக்கா வீட்டுப் பிளக். பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள். நடந்ததைச் சொல்லலாம் என்றார்கள். அதனால் சொல்கிறேன்.

அக்கா வேலை செய்யும் வீட்டில் புது ஹீட்டர் வாங்கினார்கள். பழையதை அக்காவிடம் கொடுத்துவிட்டார்கள். நல்ல ஹீட்டர்தான். இரண்டு கம்பி உள்ளது. அக்காவுக்குச் சந்தோஷம். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, வயதான மாமியார் இருக்கிறார்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஹீட்டரின் பிளக் பெரியது. சுவரில் இருந்த ஓட்டையோ சின்னது. பிளக் நுழையவில்லை. அக்காவின் வீட்டுக்காரர் என்ன செய்தார்? பெரிய பிளக்கை வெட்டி எறிந்தார். கடையில் சின்னப் பிளக் வாங்கி மாட்டினார். ஹீட்டர் எரிந்தது. அறை சூடானது. "பார்த்தாயா, எவ்வளவு சுலபம்!" என்றார்.

நாலு நாள் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் இரவு, ஹீட்டரைப் போட்டுவிட்டு ஐந்து பேரும் தூங்கிவிட்டார்கள். நடு இரவில் குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. அக்கா எழுந்தார். ரப்பர் கருகும் நாற்றம். ஸ்விட்சு போர்டில் பொறி பறக்கிறது. போர்டுக்கு மேலே ஆணியில் பையனின் புத்தகப்பை தொங்கிக்கொண்டிருந்தது. அதில் தீ பிடித்துவிட்டது.

வீட்டுக்காரர் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். அக்கா அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். "முதலில் மெயினை அணையுங்கள்!" என்று கத்தினார். அவர் வெளியே ஓடி மெயின் ஸ்விட்சை அணைத்தார். பிறகு பையை ஒரு கம்பால் தள்ளி வாசலுக்குக் கொண்டுபோய் அணைத்தார்கள். பை போயிற்று, புத்தகம் போயிற்று. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

குழந்தைக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால்? அதை அக்காவே என்னிடம் மூன்று தடவை கேட்டுவிட்டார்கள்.

சரி. அப்படியானால் ஹீட்டரே கூடாதா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் குளிர் புரியாது. 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி காலையில் டில்லியில் 1.1 டிகிரிதான் இருந்தது. தண்ணீர் உறைவது 0 டிகிரியில். அதற்கு ஒரு விரல்கடை மேலே. சிமெண்டுத் தரையில் படுப்பவர்களுக்கு, தகரக் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு, ஒரு ரஜாய் போதாது.

ஹீட்டர் இல்லாத நாளில் என்ன செய்தோம்? அங்கீட்டி வைத்தோம். நம் ஊரில் குமுட்டி அடுப்பு என்போமே, அதேதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் வீட்டிலும் கரியைப் பற்றவைத்து, கனல் ஆனதும் உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள். கதவைச் சாத்திவிடுவோம். ஒரு நாள் இரவு அம்மாவுக்குத் தலைவலி, வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. அப்பா எப்படியோ தவழ்ந்து போய்க் கதவைத் திறந்தார். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நின்று பேசுகிறேன்.

கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வருகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை. புகை தெரியாது, இருமல் வராது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். ஒவ்வொரு குளிர்காலமும் வட இந்தியாவில் இப்படிச் சாவு வருகிறது. செய்தியில் நீங்களே கேட்டிருப்பீர்கள். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது. இதில் கொஞ்சம் வைக்கலாம், அதிகம் வைக்கக் கூடாது என்ற பேச்சே இல்லை.

மின்சார ஹீட்டரில் இந்த வாயு வராது. அந்த வகையில் ஹீட்டர் நல்லது. ஆனால் அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கம்பியில் தெரிகிற சிவப்பை எல்லோரும் பார்த்துப் பயப்படுகிறோம். சுவருக்குள் இருக்கும் ஒயரை யாரும் பார்ப்பதில்லை. அக்கா வீட்டில் தீ பிடித்தது ஹீட்டரில் இல்லை. போர்டில்.

ஏன் அப்படி? அதற்குத்தான் நாம் படித்த எண்கள் உதவும்.

உங்கள் ஹீட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, திருப்பிப் பாருங்கள். பின்னாலோ அடியிலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். சிலதில் ஸ்டிக்கர் இருக்கும். ஆங்கிலத்தில்தான் எழுதியிருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் எல்லா மொழிக்கும் ஒன்றுதான். 1000 என்றோ 2000 என்றோ இருக்கும். பக்கத்தில் டபிள்யூ என்ற ஆங்கில எழுத்து இருக்கும். இரண்டு பள்ளம் சேர்ந்த மாதிரி இருக்கும் எழுத்து. அதுதான் வாட். அந்தப் பொருள் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைச் சொல்லும் அளவு.

நம் வீட்டு எல்.இ.டி. பல்பு 9 வாட். இரண்டு கம்பி ஹீட்டர் 2000 வாட். ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். இருநூற்று இருபதுக்கும் மேலே வரும். அதாவது இருநூறு பல்புக்கு மேல் ஒரே ஒயரில் எரிவதற்குச் சமம். மின்விசிறி 75 வாட். இருபத்தாறு விசிறிக்கு மேல் சேர்ந்தால்தான் ஒரு ஹீட்டருக்கு ஈடாகும்.

நம் சந்தில் காலையில் தண்ணீர் லாரி வருகிறதே, நினைத்துப் பாருங்கள். பத்துப் பேர் போனால் சந்து தாங்கும். இருநூறு பேர் ஒரே சமயத்தில் நுழைந்தால் என்ன ஆகும்? இடி, உரசல், சண்டை. ஒயருக்குள்ளும் அப்படித்தான். மெல்லிய ஒயரில் நிறைய மின்சாரம் போனால் ஒயர் சூடாகும். சூட்டில் மேலே இருக்கும் பிளாஸ்டிக் உருகும். உள்ளே கம்பி லூசாக இருந்தால் அந்த இடத்தில் இன்னும் அதிகச் சூடு. அங்கேதான் பொறி பறக்கும்.

அதனால்தான் பிளக்கில் சின்னது, பெரியது என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். சின்னது 6 ஆம்பியர் தாங்கும். பெரியது 16 ஆம்பியர் தாங்கும். 2000 வாட் ஹீட்டர் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். இப்போது நீங்களே சொல்லுங்கள், அந்த ஹீட்டரைச் சின்னப் பிளக்கில் மாட்டலாமா?

கடைக்காரர் பெரிய பிளக் கொடுத்தது அழகுக்காக இல்லை. அது நுழையவில்லை என்றால், "இந்த ஓட்டை என்னைத் தாங்காது" என்று ஹீட்டரே நமக்குச் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கை மாற்றக் கூடாது. சுவரில் இருப்பதை மாற்ற வேண்டும். மீட்டரிலிருந்து தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்து, பெரிய பாயிண்ட் வைக்க வேண்டும். செம்பு ஒயர், குறைந்தது 2.5 சதுர மில்லிமீட்டர். கடையில் "ரெண்டரை எம்.எம்." என்று கேட்டால் கொடுப்பார்கள். 4 போட்டால் இன்னும் நல்லது. அதற்குத் தனியாக ஒரு எம்.சி.பி. ஸ்விட்சும் போட வேண்டும். வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

வாடகை அறையில் இதெல்லாம் நம் கையில் இல்லை. அது எனக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்கு 2000 வாட் ஹீட்டர் வேண்டாம். 400 வாட் கம்பி இரண்டு வைத்த சின்ன ஹீட்டர் விற்கிறது. மொத்தம் 800 வாட். மூன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். போர்டும் ஒயரும் நல்ல நிலையில் இருந்தால் சின்னப் பிளக்கே தாங்கும். பத்துக்குப் பத்து அறைக்கு, ரஜாயும் இருந்தால், அது போதும். இலவசமாகக் கிடைத்தது என்பதற்காகப் பெரியதை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டி பற்றிக் கேட்டார்கள். ஹீட்டரை அதில் மாட்டவே வேண்டாம். அதிலேயே டி.வி., அதிலேயே செல்போன் சார்ஜர், அதிலேயே ஹீட்டர் என்று மாட்டுகிறோம். ஒயர் நீளமாக இருக்கிறது என்று சுருட்டிப் பாய்க்கு அடியில் வேறு தள்ளிவிடுகிறோம். சுருட்டிய ஒயரில் சூடு வெளியேற வழியில்லை. பாய்க்குள் தீ வைத்துக்கொண்டு மேலே படுத்திருக்கிறோம்!

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயரையும் ஓட்டையில் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்குவது. சிரிக்கிறீர்கள். யார் யார் வீட்டில் என்று எனக்குத் தெரியும்!

தீக்குச்சி வைத்தால் மூன்றாவது ஒயர் எங்கே போகும்? பச்சை ஒயர். பிளக்கில் மேலே இருக்கும் தடித்த கால். அது எர்த். ஹீட்டரின் உடம்பு தகரம். உள்ளே ஒரு கம்பி அறுந்து தகரத்தில் பட்டுவிட்டால் ஹீட்டர் முழுவதிலும் மின்சாரம் நிற்கும். எர்த் சரியாக இருந்தால் அந்த மின்சாரம் பூமிக்குப் போய்விடும், ஃபியூஸும் போய்விடும். எர்த் இல்லை என்றால், யார் முதலில் தொடுகிறார்களோ அவர்கள் வழியாகப் போகும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஆள்தான் அதற்குச் சுலபமான வழி. தவழ்கிற குழந்தை இன்னும் சுலபம்.

ஃபியூஸ் போனால் தடித்த கம்பி போட்டுக் கட்டாதீர்கள். எம்.சி.பி. விழுந்தால், "இது அடிக்கடி விழுகிறது" என்று பெரியதாக மாற்றாதீர்கள். அது விழுவதுதான் அதன் வேலை.

இனி ஹீட்டரை எங்கே வைப்பது?

நம் வீடு ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே துணி. பெரிய வீட்டில் சொல்கிற யோசனை எல்லாம் நமக்குப் பொருந்தாது. ஆனாலும் சுற்றிலும் மூன்று அடி இடம் விட வேண்டும். மூன்று அடி என்றால் ஒரு பெரிய ஆளின் நீட்டிய கைக்கும் கொஞ்சம் அதிகம். அந்த வட்டத்துக்குள் ரஜாய், புடவை முந்தானை, செய்தித்தாள், பிளாஸ்டிக் வாளி எதுவும் வரக் கூடாது. குளிர்காலத்தில் துணி காய்வதில்லை. அதனால் ஹீட்டர் மேல் போர்த்துகிறோம். தீ பிடிப்பதற்கு இதைவிட நேர்வழி கிடையாது. நைலான், பாலியெஸ்டர் துணி எரிந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

சமதரையில் வையுங்கள். கட்டில் மேலோ, ஸ்டூல் மேலோ வேண்டாம்.

அடுத்தது காஸ். காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு பரவும். நம் ஹீட்டர் எங்கே இருக்கிறது? தரையில். சிவந்த கம்பியோடு! அதனால் சிலிண்டர் இருக்கும் மூலைக்கு எதிர் மூலையில்தான் ஹீட்டர் வைக்க வேண்டும். அதற்குக்கூட முழு நம்பிக்கை கிடையாது. சமையல் முடிந்து, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடிய பிறகுதான் ஹீட்டரைப் போடுங்கள். காஸ் நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொட வேண்டாம். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மெயினை வெளியிலிருந்து அணைக்கலாம், அது வீட்டைவிட்டுத் தள்ளி இருந்தால்.

இது நான் யோசித்துக் கண்டுபிடித்தது. நம் வீட்டுக்கு வாசல் ஒன்றுதான். குளிர் காற்று வாசலில் வருகிறது என்று ஹீட்டரை வாசலோரம் வைக்கிறோம். தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது? படுக்கைக்கும் வாசலுக்கும் நடுவில் ஹீட்டர் இருக்கவே கூடாது. வாசல் இடுக்கில் ஒரு சாக்கைச் சுருட்டிப் போட்டால் குளிர் பாதி குறையும். மேலே ஜன்னலில் நாலு விரல் இடைவெளி மட்டும் இருக்கட்டும்.

இரவில் தூங்கும்போது ஹீட்டர் எரியக் கூடாது. இதை ஒத்துக்கொள்ள உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். படுப்பதற்கு அரை மணி முன்னால் போடுங்கள். அறை சூடாகட்டும். படுக்கும்போது அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். வயதானவர்களுக்குக் குல்லா, காலுறை போட்டுவிடுங்கள். ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, நன்றாக மூடி, துண்டில் சுற்றி ரஜாய்க்குள் வைத்தால் வெகுநேரம் சூடு இருக்கும். எங்கள் வீட்டில் இப்போது அதுதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை ஹீட்டருக்கு நேரே நீட்டாதீர்கள். அவர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அது ஆறுவதற்கும் நாளாகும்.

பணத்துக்கு வருவோம். 1000 வாட் ஒரு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். தினமும் 3 மணி நேரம் என்றால் மாதம் 90 யூனிட். 2000 வாட் என்றால் 180. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சின்ன ஹீட்டருக்கு 720 ரூபாய். பெரியதற்கு 1440 ரூபாய். இரவு முழுவதும் விட்டால் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

சொந்த மீட்டர் உள்ளவர்களுக்கு வேறு கணக்கு. 2019 ஆகஸ்டில் டில்லி அரசு ஒரு சலுகை அறிவித்தது. மாதம் 200 யூனிட்டுக்குள் இருந்தால் பில் கிடையாது. 201 முதல் 400 வரை பாதி பில், அதிலும் 800 ரூபாய் வரைதான் கழிவு. 2022 அக்டோபர் முதல் விண்ணப்பம் கொடுத்தவர்களுக்குத்தான் அது என்று ஆக்கினார்கள். 190 யூனிட் எரிக்கும் வீட்டில் ஹீட்டர் வந்தால் என்ன ஆகும் என்று புரிகிறதா? பில்லில் யூனிட் எங்கே எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நாளைக்குப் பில்லைக் கொண்டுவந்தால் சேர்ந்து படிக்கலாம்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். முத்திரைக்குக் கீழே "சி.எம்./எல்." என்று ஆரம்பிக்கும் ஓர் எண் இருக்க வேண்டும். வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். செல்போனில் "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் உண்மையா, போலியா என்று தெரியும். பிள்ளைகள் செய்து காட்டுவார்கள். முன்னால் சல்லடைக் கம்பி இருக்க வேண்டும். கவிழ்ந்தால் தானே அணைகிற ஹீட்டரும் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

தீ பிடித்தால், அக்கா செய்ததுதான் சரி. முதலில் மெயின். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. கைமீறினால் வெளியே வந்துவிட்டு 101 அல்லது 112 எண்ணுக்குப் பேசுங்கள். யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள், அல்லது காய்ந்த மரக்கட்டையால் ஒயரைத் தள்ளுங்கள். சூடு பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். இந்தக் குளிரிலுமா என்று கேட்பீர்கள். ஆமாம். உடம்பின் மற்ற பாகத்தைப் போர்த்திக்கொண்டு, பட்ட இடத்தை மட்டும் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். பற்பசை, மை, மஞ்சள், மாவு எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம்.

அங்கே ஆயா கை தூக்குகிறார்கள். சொல்லுங்கள் ஆயா.

ஹீட்டர் பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். இல்லாவிட்டால் அது மூச்சுக் காற்றை எரித்துவிடுமாம். இல்லை ஆயா. கரிதான் காற்றை எரிக்கும். கம்பி ஹீட்டர் காற்றை எரிக்காது, சூடாக்கும். சூடான காற்று வறண்டு தெரியும். அதனால் தொண்டை காயும், தோல் அரிக்கும். தண்ணீர் வைப்பதில் தப்பில்லை, ஆனால் பக்கத்தில் வேண்டாம். பேரன் தட்டிவிட்டால் தண்ணீர் நேரே ஹீட்டருக்குள் போகும். தூர மூலையில் வையுங்கள். நீங்களும் கொஞ்சம் குடியுங்கள். கை காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

மணி எட்டு ஆகிறது. நம் சந்தில் ஒயரிங் வேலை செய்யும் அண்ணன் வந்திருக்கிறார். வருகிற ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து வீடு வீடாக வந்து போர்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு முன்னால் எல்லோரும் ஹீட்டர் தகட்டில் இருக்கும் எண்ணை நோட்டில் எழுதி வையுங்கள். நீங்களே எழுத வேண்டும், பிள்ளைகளைக் கொண்டு எழுதக் கூடாது. இன்றைக்கு ராத்திரி ஹீட்டரை அணைத்துப் பிடுங்கியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் மறுபடி மாட்டாதீர்கள். அண்ணனிடம் சொல்லுங்கள்.

பிளக் இப்போது யாரிடம் இருக்கிறது? பின்வரிசைக்கும் கொடுங்கள். பிறகு என்னிடம் திரும்பி வரட்டும். அக்காவின் பையன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டுமாம்.